முதல் கேமை வைத்து கன்சோலை எடை போடுவது எப்படி

புது கன்சோல் வந்த வாரம் எல்லோரும் என்னிடம் கேட்பது, "கிராபிக்ஸ் எப்படி இருக்கு?" நான் திருப்பிக் கேட்பது, "அந்த கேம் பழைய மெஷினுக்கும் வந்திருக்கா?"

முதலில் அதைப் பாருங்கள். 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5-உடன் வந்த 'மைல்ஸ் மொராலஸ்' என்ற ஸ்பைடர்மேன் கேம் பிளேஸ்டேஷன் 4-லும் ஓடியது. கூடவே வந்த 'டீமன்ஸ் சோல்ஸ்' புது மெஷினுக்கு மட்டும். இரண்டிலும் ஓட வேண்டிய கேமுக்குத் தெருவும் கூட்டமும் பழையதன் கொள்ளளவுக்கே அளவெடுத்துத் தைத்திருப்பார்கள். புதியதில் கூடுவது பெரும்பாலும் மேல்பூச்சுதான்.

மேல்பூச்சு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அந்த ஸ்பைடர்மேன் கேமில் காட்சித் தரத்துக்கு முன்னுரிமை தரும் ஃபிடிலிட்டி மோடைப் போட்டு, கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ஒட்டிக்கொள்ளுங்கள். முதுகுக்குப் பின்னால் இருக்கிற, திரையில் எங்குமே இல்லாத எதிர்க் கட்டடம் கண்ணாடியில் தெரியும். அது ரே டிரேசிங்: ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டுப் பிம்பத்தை வரையும் முறை. இப்போது வேறொரு கேமில் குட்டைத் தண்ணீர் முன்னால் நின்று, கேமராவை மெல்லக் கீழ்நோக்கித் திருப்புங்கள். மேலே இருந்த விளக்குக் கம்பம் திரையை விட்டுப் போனதும் தண்ணீரில் இருந்த அதன் பிம்பமும் கரைந்துபோனால், அது திரையில் இருப்பதையே திருப்பி ஒட்டும் மலிவான வித்தை. போட்டோவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதனால்தான் ஸ்கிரீன்ஷாட்டை நான் நம்புவதில்லை. டிரெய்லரை அதைவிட நம்புவதில்லை: 2005-இல் காட்டிய 'கில்சோன் 2' கேமின் காட்சி கன்சோலில் ஓடியதல்ல, முன்கூட்டியே ரெண்டர் செய்து, அதாவது வரைந்து, வைத்தது.

அப்புறம் அசைவு. டிவியில் அசைவை மழமழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கன்சோலுக்குப் பதில் டிவிக்கு மார்க் போடுவீர்கள். பத்து எதிரிகளும் ஒரு வெடியும் புகையும் சேரும் இடத்தில் கேமராவைச் சட்டென்று சுழற்றுங்கள். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட்தான். திணறுகிற மெஷின் அங்கே மாட்டிக்கொள்ளும்.

சரி, திணறினால் கன்சோல் மட்டமா? அவசரப்படாதீர்கள். மைல்ஸ் மொராலஸ் வெளியானபோது 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ரே டிரேசிங்கை விட வேண்டியிருந்தது. ஒரு மாதத்துக்குள் அப்டேட்டில், ரெசல்யூஷனை (படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை) குறைத்து, இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். மெஷின் அதேதான். பிளேஸ்டேஷன் 3-ஐ எடுங்கள்: 2006-இல் 'ரெசிஸ்டன்ஸ்', 2013-இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'. பின்னது பார்வைக்கு எவ்வளவோ மேல். இரண்டும் ஓடியது அதே 256 எம்பி மெமரியிலும் 256 எம்பி வீடியோ மெமரியிலும்தான். அதன் மூளையான செல் சிப்பைப் பழக்குவதற்கே பல வருடம் ஆனது. ஆக, முதல் கேமில் பார்ப்பது அந்த மெஷினின் தரைமட்டம்; உச்சம் பிறகுதான்.

இப்போதெல்லாம் முதல் வாரத்திலேயே ஒரு சண்டைக் காட்சியை ஒரு நிமிடம் பதிவுசெய்து வைத்துக்கொள்கிறேன். இரண்டு வருடம் கழித்து, அதே நிறுவனத்தின் அடுத்த கேம் வந்ததும் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பேன். மார்க் அன்றைக்குத்தான் போடுவேன்.