60 வயதுக்குப் பிறகு லைசென்ஸ் புதுப்பிப்பு: சான்றிதழோடு ஓர் உண்மையான டெஸ்ட்டும்

இந்தியாவில் வண்டி ஓட்டக் குறைந்தபட்ச வயது உண்டு. அதிகபட்ச வயது கிடையாது. 85 வயதுக்காரரும் லைசென்ஸைப் புதுப்பிக்கலாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மருத்துவச் சான்றிதழைத்தான் சட்டம் கேட்கிறது. வண்டியை ஓட்டிக் காட்டு என்று கேட்பதில்லை. அந்தச் சான்றிதழும் பல நேரம் சரியாகப் பரிசோதிக்காமலே கையெழுத்தாகிவிடுகிறது. அதனால் புதுப்பிக்கும் தேதி நெருங்கும்போது, அரசு கேட்காத டெஸ்ட்டைக் குடும்பமே நடத்திக்கொள்வது நல்லது. அதற்கான வழிமுறை இது. தமிழ்நாட்டில் சொந்தக் கார் அல்லது ஸ்கூட்டர் ஓட்டுபவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

முதலில் தேதியைப் பாருங்கள்

2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, லைசென்ஸ் எத்தனை ஆண்டு செல்லும் என்ற கணக்கு இப்படி: 30 முதல் 50 வயதுக்குள் வாங்கினால் அல்லது புதுப்பித்தால் 10 ஆண்டு. 50 முதல் 55-க்குள் என்றால் 60 வயது முடியும் வரை. 55 நிறைந்த பிறகு ஒவ்வொரு முறையும் 5 ஆண்டு. 54 வயதில் புதுப்பித்தவருக்கு 60-இலும், 56-இல் புதுப்பித்தவருக்கு 61-இலும் காலாவதியாகும்.

காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டுக்குள்ளும் விண்ணப்பிக்கலாம். ஓராண்டைத் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். ஸ்கூட்டர் என்றால் 8 போட்டே ஆக வேண்டும். பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த ஓராண்டைத்தான். அது விண்ணப்பிக்கக் கிடைக்கும் காலமே தவிர, ஓட்டக் கிடைக்கும் காலம் அல்ல. முன்பு இருந்த 30 நாள் சலுகையும் 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. காலாவதியான மறுநாள் வண்டியை எடுத்தாலே லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் பொருள்; அபராதம் 5,000 ரூபாய். வண்டி மகன் பெயரில் இருந்து அப்பா ஓட்டினால் உரிமையாளர் மீதும் தனியாக வழக்கு வரும். விபத்து நேர்ந்தால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்த தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். எனவே ஆறு மாதம் முன்னதாகவே வேலையைத் தொடங்குங்கள். குறை ஏதாவது தெரிந்தால் கண் ஆபரேஷனுக்கோ மாத்திரையை மாற்றவோ நேரம் இருக்கும்.

விண்ணப்பம் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில், லைசென்ஸுக்கான சாரதி பகுதியில். லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டதும் விவரம் வராவிட்டால், அது கணினிக்கு ஏறாத பழைய புத்தக லைசென்ஸாக இருக்கும். அதை வாங்கிய ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே போய்ப் பதிவேற்றச் சொல்ல வேண்டும், இதற்குத்தான் நாளாகும். ஆதாரிலும் லைசென்ஸிலும் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

படிவம் 1-ஏ: டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்

40 வயது நிறைந்த எவரும் புதுப்பிக்கும்போது படிவம் 1-ஏ என்ற மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் கேட்கிறதா, கைகால் இயக்கத்தில் குறை உண்டா என்று அதில் கேள்விகள் இருக்கும். பதிவு பெற்ற மருத்துவர் பார்த்து, புகைப்படத்தின் மீதும் கையெழுத்திட வேண்டும். பதிவு எண்ணும் முத்திரையும் தெளிவாக இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பி வரும். கூடவே படிவம் 1 உண்டு. அது நீங்களே கொடுக்கும் உறுதிமொழி. வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் பற்றிக் கேட்கும். இதில் உண்மையை எழுதுங்கள்.

25 மீட்டர் சோதனையை வீட்டிலேயே செய்துவிடலாம். தெருவில் டேப்பால் 25 மீட்டர் அளந்து, நிற்கும் காரின் பிளேட்டைப் படிக்கச் சொல்லுங்கள். ஸ்கூட்டரின் பிளேட்டில் எழுத்து சிறியது. கார் பிளேட்டில் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம். தெரிந்த காராக இருக்கக் கூடாது, நம்பர் மனப்பாடமாக இருக்கும். ஒவ்வொரு கண்ணையும் மூடித் தனித்தனியாகவும் பாருங்கள்.

இதில் தேறினால் கண் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கண் அழுத்த நோய் பக்கவாட்டுப் பார்வையை மெல்ல மெல்லத் தின்னும். நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும். அந்த நோய் உள்ளவர் நம்பர் பிளேட்டைத் தடங்கல் இல்லாமல் படிப்பார், ஆனால் இடப்புறச் சந்திலிருந்து வரும் சைக்கிள் தெரியாது. கண் டாக்டரிடம் போகும்போது கண்ணாடி பவரோடு நிறுத்தாமல், கண் அழுத்தம், பார்வைப் பரப்பு, கண்புரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 20 வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் 60 வயதில் விழித்திரைக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போய்ச் சேர்கிறது. எதிரே வரும் எல்.இ.டி. விளக்கு அடித்த பிறகு சாலை மறுபடி தெரிய அதிக நேரம் பிடிக்கும். "ராத்திரியில எல்லாரும் ஹைபீம் போட்டுட்டு வர்றான்" என்று அப்பா அடிக்கடி சொல்ல ஆரம்பித்தால், கண்புரைக்குச் சோதிக்க வேண்டிய நேரம் அது.

சர்க்கரையும் மாத்திரைகளும்

நம் ஊரில் இதை முதல் வரிசையில் வைக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை திடீரென இறங்கலாம். வயதானவர்களுக்குப் படபடப்பு, வியர்வை போன்ற முன்னறிவிப்பு குறைவாகவே வரும். நேரடியாகக் குழப்பம்தான் வரும். பிரிட்டனில் இன்சுலின் எடுக்கும் ஓட்டுநர்களுக்குச் சொல்லப்படும் விதி இங்கேயும் பொருந்தும்: கிளம்பும் முன் இரண்டு மணி நேரத்துக்குள் சர்க்கரை பார்க்க வேண்டும், நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். 90-க்குக் கீழ் இருந்தால் எதையாவது சாப்பிட்ட பிறகே கிளம்ப வேண்டும். ஓட்டும்போது இறங்கிவிட்டால் ஓரம் நிறுத்தி, இனிப்பு சாப்பிட்டு, அளவு சரியான பிறகும் 45 நிமிடம் வண்டியைத் தொடக் கூடாது. சர்க்கரை எண் சரியாகி சற்று நேரம் கழித்துத்தான் மூளை தெளிகிறது.

நீண்ட நாள் சர்க்கரையால் பாதம் மரத்திருக்கும். பெடல் காலுக்கடியில் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. அவர் கண்ணை மூடியிருக்க, கால் கட்டைவிரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் அசைகிறது என்று சொல்ல முடியாதவர், டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை கார் ஓட்டக் கூடாது.

மாத்திரைப் பட்டியல் முழுவதையும் டாக்டரிடம் காட்டி "இதை எடுத்துக்கிட்டு வண்டி ஓட்டலாமா?" என்று நேராகக் கேளுங்கள். அல்பிரசோலம், குளோனசிபம் போன்ற தூக்க மாத்திரைகள், சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் ஆகியவற்றின் மந்தம் மறுநாள் காலையிலும் இருக்கும்.

வீட்டுக்குள் செய்யும் மூன்று சோதனைகள்

10 அடி தூரத்துக்குத் தரையில் கோடு போடுங்கள். முடிந்த வேகத்தில் நடந்து போய்த் திரும்பி வர வேண்டும். 9 வினாடிக்கு மேல் பிடித்தால், காலைப் பிரேக்குக்கு மாற்றும் வேகமும் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஊன்றுகோல் வைத்து நடப்பவர் அதோடேயே நடக்கலாம்.

அடுத்தது கழுத்து. நாற்காலியில் நேராக உட்கார வைத்து, பின்னால் ஒருவர் நின்று விரல்களைக் காட்ட வேண்டும். இடுப்பைத் திருப்பாமல் தோளுக்கு மேல் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் கண்ணாடிகளை நம்பியே தடம் மாறுகிறார் என்று பொருள்.

மூன்றாவது, வெற்றுத்தாளில் கடிகாரம் வரைந்து, எண்களை எழுதி, 11 மணி 10 நிமிடத்துக்கு முள் வைக்கச் சொல்வது. எண்கள் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டாலோ, முள் 10-ஐயும் 11-ஐயும் காட்டினாலோ, அது மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இதை மட்டும் வைத்துச் சாவியைப் பிடுங்காதீர்கள்.

சாலையில் டெஸ்ட்

கிளம்பும் முன் சீட்டைச் சரிசெய்யுங்கள். மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கண், ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பைவிட 8 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். வயதாக ஆக முதுகு குறுகுவதால் இது குறைந்துபோயிருக்கும், கெட்டியான குஷன் ஒன்று போதும். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைப் பிடிக்கும் ஷூ அல்லது பின்வார் உள்ள செருப்பு போட வேண்டும். குதிகால் பிரேக்குக்கு நேராக ஊன்றியிருக்க, முன்பாதம் மட்டும் ஆக்ஸிலரேட்டருக்குத் திரும்ப வேண்டும். பெடல் மாறி மிதிப்பது பெரும்பாலும் பார்க்கிங்கிலும் ரிவர்ஸிலும் நடக்கும்: பின்னால் பார்க்க உடம்பைத் திருப்பும்போது கால் தானாக வலப்புறம் நகர்ந்துவிடுகிறது. கியர் காரிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு 65 வயதில் மாறுபவர் காலி மைதானத்தில் இதை நன்றாகப் பழகிய பிறகே தெருவுக்கு வரட்டும்.

டிரைவிங் ஸ்கூலில் இரட்டைப் பிரேக் உள்ள காரும் ஆசிரியரும் ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்தால் அதுவே சிறந்தது. மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி நேரம் சண்டையில் போகும். எப்படியானாலும் வழியைத் தவிர வேறெதுவும் சொல்லாமல் 45 நிமிடம் குறித்துக்கொண்டே வர வேண்டும். வழித்தடத்தில் இவை கட்டாயம்: சிக்னல் இல்லாத சந்திப்பில் வலப்புறத் திருப்பம், ரவுண்டானா, நான்குவழிச் சாலையின் மீடியன் இடைவெளியில் யூ-டர்ன், பஸ் ஸ்டாப், பழக்கமில்லாத ஒரு தெரு, ரிவர்ஸ் பார்க்கிங்.

வலப்புறத் திருப்பத்தை மிகக் கவனமாகப் பாருங்கள். வயதான ஓட்டுநர்களின் விபத்துகளில் சந்திப்பு விபத்துகளின் பங்கு அதிகம். எதிரே 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. நீங்கள் சாலையைக் கடக்க 7 வினாடி ஆகுமென்றால் அது 150 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். வயதாகும்போது வண்டியின் தூரம் தெரியும், வேகம் பிடிபடாது.

ஓரத்துக்கோ நடுக்கோட்டுக்கோ சாய்வது, இண்டிகேட்டர் அணையாமல் ஓடுவது, காரணமில்லாத திடீர் பிரேக், மற்றவர்கள் ஹாரன் அடிப்பது எல்லாம் சிறு பிழைகள். மூன்று நான்கு சேர்ந்தால் ஸ்கூலில் சில வகுப்பு எடுத்து மறுபடி பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒருமுறையாவது பிரேக்கை மிதிக்கவோ ஸ்டீயரிங்கைப் பிடிக்கவோ நேர்ந்தால், பெடல் மாறினால், தெரிந்த தெருவில் வழி தொலைந்தால் அன்றோடு நிறுத்த வேண்டும். பகலில் தேறியவரை வேறொரு நாள் இருட்டும் நேரத்திலும் ஓட்ட வைத்துப் பாருங்கள்.

ஸ்கூட்டர், மொபெட் ஓட்டுபவர்களிடம் கண்டிப்பாக இருங்கள். காரில் பம்பர் நசுங்கும் தவறு இரு சக்கரத்தில் இடுப்பெலும்பை முறிக்கும். ஒற்றைக் காலில் 5 வினாடி நிற்க முடியாதவர், ஸ்டாண்டிலிருந்து வண்டியைத் தனியாக இறக்க முடியாதவர் இரு சக்கரத்தை முதலில் விட வேண்டும். காரை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம்.

எல்லோருக்கும் கட்டாய மறுதேர்வு வைத்தால்?

வயதை மட்டும் வைத்து எல்லோரையும் வடிகட்டிய நாடுகளில் கிடைத்த பலன் குறைவு. டென்மார்க் 2006-இல் 70 வயதுக்காரர்களின் புதுப்பிப்பில் நினைவாற்றல் சோதனையைச் சேர்த்தது. முதிய ஓட்டுநர்களின் உயிரிழப்பு விபத்து குறையவில்லை. காரை விட்டுவிட்டு நடந்தும் சைக்கிளிலும் போன முதியவர்களின் சாவு கூடியது. நியூசிலாந்து 80 வயதினருக்கு வைத்திருந்த கட்டாய ஓட்டுநர் தேர்வை அதே ஆண்டு எடுத்துவிட்டது. ஜப்பான் 2022 முதல் செய்வது எங்களுக்குச் சரியாகப் படுகிறது: 75 வயதைத் தாண்டி, குறிப்பிட்ட விதிமீறலில் சிக்கியவர்கள் மட்டும் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். நடந்து போகவே நடைபாதை இல்லாத நம் ஊர்களில், காரணம் காட்டாமல் 70 வயதில் சாவியை வாங்குவது அவரை இன்னும் பெரிய ஆபத்தில் இறக்கிவிடும். காரணம் தெரிந்த பிறகும் பேசாமல் இருப்பது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது.

நிறுத்த வேண்டி வந்தால்

ஒரே நாளில் முழுவதும் நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பதைப் பெரியவர்கள் எளிதில் ஏற்கிறார்கள். முதலில் இரவு, பிறகு மழை, பிறகு பைபாஸ். "ராத்திரி மட்டும் நான் ஓட்டுறேன்பா" என்பது கேட்கப்படும். "உங்களுக்கு வயசாயிடுச்சு" என்பது கேட்கப்படாது. ஆனால் மறதி நோய், கட்டுப்படாத வலிப்பு, பெடல் மாறி மிதித்தது ஆகிய மூன்றுக்கும் படிப்படி கிடையாது. அன்றே நிறுத்த வேண்டும்.

சாரதி தளத்தில் லைசென்ஸிலுள்ள வாகன வகைகளில் ஒன்றை மட்டும் ஒப்படைக்கும் வசதி உண்டு. இரு சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டுக் காரை வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, ஆபத்து உறுதி என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, மருத்துவ ஆவணங்களின் நகலோடு ஆர்.டி.ஓ.வுக்கு எழுதுங்கள். நோயாலோ உடற்குறையாலோ ஓட்டத் தகுதியில்லை என்று நம்பக் காரணம் இருந்தால், புதிய மருத்துவச் சான்றிதழ் கேட்கவோ லைசென்ஸை ரத்து செய்யவோ அவருக்கு எப்போது வேண்டுமானாலும் அதிகாரம் உண்டு.

காருக்கு ஆண்டுதோறும் ஆகும் இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் செலவைக் கூட்டி 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையை ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்குமென்று மாதாமாதம் அவர் கையில் கொடுங்கள். சென்னையில் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. கோயில், வங்கி, நண்பர் வீடு என்று வாரத்தில் அவர் வழக்கமாகப் போகும் இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் யார், எதில் கூட்டிப் போவது என்பதைச் சாவியை வாங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.