குளவிக் கொட்டா? அட்ரினலினைத் தள்ளிப்போடாதீர்கள்

தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் குளவி கலைந்தால் நாலைந்து பேரை ஒரே லொறியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அந்த நேரத்தில் புதிதாக வேலைக்கு வந்த டொக்டர்மாரும் தாதிமாரும் செய்வதைப் பார்க்கிறேன். அந்த வயதில் நாங்கள் செய்த அதே தவறுகள். சுண்ணாம்பு தடவுவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை.

முதலில் பிரிட்டோன், அப்புறம் பார்க்கலாம்

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். அண்மையில் கொண்டுவந்த ஓர் அக்காவுக்கு உதடு தடித்து, குரல் கரகரத்துப் போயிருந்தது. "மூச்சு அடைக்குது ஐயா" என்றார். பிரஷர் 70க்கு இறங்கியிருந்தது. முதலில் பார்த்த இடத்தில் எழுதிய துண்டில் பிரிட்டோன் என்ற அரிப்பு மருந்து ஊசி, ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொய்ட், சேலைன் எல்லாம் இருந்தன. உயிர் காக்கும் ஊசியான அட்ரினலின் இல்லை. கூட வந்தவரைக் கேட்டால், "நெஞ்சு படபடக்கும் என்று பயந்தோம் சேர்" என்கிறார்.

ஒவ்வாமை உச்சத்துக்குப் போகும்போது உடலின் தற்காப்புச் செல்களான மாஸ்ட் செல்கள், அரிப்பு உண்டாக்கும் ஹிஸ்டமினோடு வேறு பல இரசாயனங்களையும் கொட்டுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன, தொண்டை வீங்குகிறது. பிரிட்டோன் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும், அவ்வளவுதான். ஹைட்ரோகோர்ட்டிசோன் வேலை செய்யவே மணிக்கணக்காகும். குழாயைச் சுருக்கி, மூச்சுக்குழாயைத் திறந்து, அந்தச் செல்களையும் அடக்குவது அட்ரினலின் மட்டுமே.

பெரியவர்களுக்கு 0.5 மி.கி., அதாவது 1:1000 மருந்தில் 0.5 மி.லீ. தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள் போட வேண்டும். தேறாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும்.

பாம்புக்கடிக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்தும் இதே மாதிரி ஒவ்வாமையைக் கிளப்பும். அதை ஏற்றிய 1000க்கும் மேற்பட்டோரிடம் இலங்கையிலேயே செய்த ஆய்வு 2011இல் வெளியானது. முன்கூட்டியே கொடுத்த சிறு அளவு அட்ரினலின், முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமையை 43% குறைத்தது. ஹைட்ரோகோர்ட்டிசோனும், பிரிட்டோன் வகையைச் சேர்ந்த புரோமெதசினும் அப்படிக் காப்பாற்றவில்லை. இதற்குப் பிறகும் தயங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த அக்காவுக்கு ஊசி ஏறிய சில நிமிடங்களில் குரல் தெளிந்தது. நேரம் மிச்சமிருந்ததால் பிழைத்தார்.

அட்ரினலினை இரத்த நாளத்தில் ஏற்றுவது

அனுபவமில்லாத கையில் வேண்டாம். இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

தடிப்பு வரட்டும் என்று காத்திருப்பது

சிலருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது. பிரஷர் மட்டும் விழும்.

எழுப்பி நடக்க விடுவது

படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம். திடீரென எழுந்து நின்ற மாத்திரத்தில் இதயம் நின்றுபோனவர்கள் உண்டு.

தேறியதும் லயத்துக்கு (தோட்டக் குடியிருப்புக்கு) அனுப்புவது

மறுபடி கொட்டாமலேயே, சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்பலாம். நாள் சம்பளம் போய்விடும் என்று அவர்களே அவசரப்படுவார்கள். ராத்திரியில் தோட்டத்திலிருந்து இறங்க வாகனம் கிடைக்காது, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் மலை ஏறி வரவும் நேரம் பிடிக்கும். இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, விடியும்வரை வார்டில் வைத்திருங்கள்.