உதைபந்தாட்ட வானொலிப் பகிடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் சனிக்கிழமை இரவில் எந்தத் தேநீர்க்கடைக்குள் நுழைந்தாலும் லிவர்பூல், யுனைட்டட், ஆர்சனல் என்று இங்கிலாந்துக் கழகங்களை வைத்து ஒரு வாய்ச்சண்டை காதில் விழும். அந்தச் சண்டையைச் சூடு ஆறாமல் ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுவர ஆசைப்படும் இளைஞர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். கலையகத்தில் இடம் கிடைத்தவர்கள் வானொலியில் பேசுகிறார்கள், கிடைக்காதவர்கள் முகநூல் நேரலையில் பேசுகிறார்கள். இரண்டுக்கும் உயிர் கொடுப்பது மரியாதை பார்க்காத நக்கல்தான். வாரத்துக்குக் கோடிக்கணக்கான ரூபா சம்பளம் வாங்கும் ஒருவர் ஆளில்லாத கோலுக்கு மேலால் பந்தை அடித்தால், அவரைப் பகிடி பண்ணாமல் விடக்கூடாது என்பதே என் கட்சி. ஆனால் அந்தப் பகிடி மெச்சைப் பார்த்தவர் வாயிலிருந்து வரவேண்டும். ஆட்டத்தின் மேல் விழவேண்டும், ஆளின் பிறப்பின் மேல் விழக்கூடாது. நம் பக்கத்து நிகழ்ச்சிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று தவறும்போதுதான்.

ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு வந்து உட்காருவது அடிக்கடி நடக்கிற பிழை. காத்தான்குடியிலும் கல்முனையிலும் உங்களைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தொண்ணூறு நிமிடமும் பார்த்தவர்கள். "முழு மெச்சும் சும்மா நிண்டான்" என்று நீங்கள் சொன்ன ஆள் எழுபதாவது நிமிடத்தில்தான் களத்துக்குள் வந்தார் என்றால், முதல் அழைப்பிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்ன பகிடி சொன்னாலும் எடுபடாது.

நேரக் கணக்கும் பலருக்குப் பிழைக்கிறது. இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் மெச் அவர்களுடைய கோடைகாலத்தில் நமக்கு இரவு 7.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரம் மாறிவிடும். அதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை நமக்கு 8.30. ஆக, ஒன்பதரைக்கு வைத்த உங்கள் நிகழ்ச்சி ஆண்டின் ஐந்து மாதம் மெச் நடந்துகொண்டிருக்கும்போதே ஒலிபரப்பாகிறது. 2011 பெப்ரவரி 5 அன்று நியூகாசிலுக்கு எதிராக ஆர்சனல் இடைவேளைக்கு 4-0 என முன்னிலையில் இருந்தது. நம் நேரம் அப்போது ஒன்பதே கால். அந்த நேரம் நியூகாசிலைக் கிழித்துத் தொங்கவிட்ட எவரும், பத்தரைக்குள் 4-4 என்று மெச் முடிந்தபோது என்ன முகத்தோடு பேசியிருப்பார்? கடைசி விசில் ஊதும்வரை தோற்றவனைத் தீர்மானிக்காதீர்கள். சம்பியன்ஸ் லீக் மெச்சுகளில் பெரும்பாலானவை நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30க்கு அல்லது 1.30க்குத்தான் தொடங்கும். உறங்கிவிட்டீர்களென்றால் அதை நேயருக்குச் சொல்லிவிட்டு, சுருக்கக் காட்சியில் பார்த்த அளவுக்கு மட்டும் பேசுங்கள்.

அடுத்தது காலாவதியான பகிடி. இங்கிலாந்து வீரர் ஹெரி கேனுக்குக் கிண்ணமே கிடைக்காது என்பது பல வருடங்கள் ஓடிய பகிடி. நல்ல பகிடியும்கூட, ஏனென்றால் உண்மையே அதைச் சுமந்தது. தொடர்ந்து 11 முறை ஜேர்மன் லீக்கை வென்ற பயர்ன் மியூனிக் அணிக்கு 2023இல் அவர் போனார். அவர் போன முதல் சீசனிலேயே பயர்ன் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. அந்தச் சீசன் லீக்கில் அவர் 36 கோல் அடித்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் சிரிப்பு இன்னும் கூடும். ஆனால் 2025இல் பயர்ன் மறுபடியும் லீக்கை வென்றது, கேனும் கிண்ணத்தைத் தூக்கினார். அதே மே மாதம் அவர் விட்டுப்போன டொட்டன்ஹம் அணி ஐரோப்பா லீக்கை வென்றது. 2008க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் கிண்ணம் அது. இதற்குப் பிறகும் பழைய வரியையே சொல்கிறவர், தான் செய்தி வாசிப்பதில்லை என்று நேயருக்கு அறிவிக்கிறார். கேனை நக்கலடிக்க வேண்டுமென்றால் புதிதாக ஒன்றைத் தேடுங்கள்.

விதிகளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. எறிபந்திலும் கோல் கிக்கிலும் கோர்னரிலும் நேரே வாங்கும் பந்துக்கு ஓஃப்சைட் (எதிரணிக் காவலர்களைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தவறு) கிடையாது. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனமான யூஃபாவின் கிண்ணங்களில் வெளிமைதானக் கோலுக்குக் கூடுதல் மதிப்பு 2021-22 சீசனிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இந்த இரண்டிலும் தடுமாறிக்கொண்டு மத்தியஸ்தரைக் குருடன் என்று திட்டுவதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

இருவர் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சியில் ஒருவரே எந்நாளும் அடிப்பவராகவும் மற்றவர் சிரிப்பவராகவும் இருந்தால் கேட்கச் சலித்துவிடும். இருவருக்கும் ஒவ்வோர் அணி இருக்கட்டும். இருவருக்கும் அடி விழட்டும். 2024-25 சீசனை வைத்து இப்படிப் பேசலாம்:

"என்ன தம்பி, ஒங்கட யுனைட்டட் பதினஞ்சாம் எடமாமே?"

"ஓம் காக்கா, 18 மெச் தோத்தம். உங்கட டொட்டன்ஹம் 22 மெச் தோத்துப் பதினேழாம் இடத்தில கிடந்தத ஏன் சொல்லல்ல?"

"பதினேழுல கிடந்துதானே தம்பி பைனல்ல ஒங்களுக்கிட்ட கிண்ணத்தப் பறிச்சம்!"

ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் இரு பக்க ரசிகர்களுக்கும் சுடும். இங்கிலாந்தில் தொலைக்காட்சி உதைபந்தாட்ட நிகழ்ச்சி நடத்திய கெரி லினேக்கர் இதில் ஒரு படி மேலே போனார். தன் சொந்த ஊர் அணியான லெஸ்டர் லீக்கை வென்றால் அடுத்த சீசன் முதல் நிகழ்ச்சியை உள்ளாடையோடு நடத்துவேன் என்று 2015 டிசம்பரில் எழுதினார். லெஸ்டர் வென்றது. 2016 ஓகஸ்ட்டில் சொன்னபடியே வந்து நின்றார். தன் மேல் பகிடி விழ இடம்கொடுத்தவருக்குத்தான் அடுத்தவரை நக்கலடிக்க நேயர் அனுமதி தருகிறார்.

இனி, மனிதனைக் காயப்படுத்தும் பிழைக்கு வருகிறேன். ஒரு வீரர் பெரிய தவறு விட்டால் அன்றிரவே அதற்குக் காரணமும் கண்டுபிடித்துவிடுகிறோம்: பணம் வாங்கிவிட்டான், பயந்துவிட்டான், லாயக்கில்லாதவன். 2018 மே 26, கீவ் நகரில் சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. லிவர்பூல் கோல் காப்பாளர் லோரிஸ் காரியஸ் எறிந்த பந்தில் ரியல் மட்ரிட்டின் பென்சேமா கால் நீட்டி ஒரு கோல் எடுத்தார். பிறகு அதே அணியின் பேல் தூரத்திலிருந்து அடித்த பந்து காரியஸின் கைகளில் பட்டு வழுகி உள்ளே போனது. ரியல் மட்ரிட் 3-1 என வென்றது. காரியஸ் அழுதுகொண்டே ரசிகர்களிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அப்படியும் கொலை மிரட்டல்கள் வந்தன. சில நாட்களில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பொது மருத்துவமனை வைத்தியர்கள் அவரைப் பரிசோதித்தார்கள். மெச்சின்போது அவர் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு உள்ளாகியிருந்தார் என்றும், அது அவருடைய பார்வைக் கணிப்பைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் சொன்னார்கள். முதல் கோலுக்குச் சற்று முன்னர்தான் மட்ரிட் வீரர் செர்ஜியோ ராமோஸுடன் மோதி விழுந்திருந்தார். அந்தப் பந்து எப்படி வழுகியது என்று அன்றிரவு சிரிக்கலாம், சிரிக்கத்தான் செய்வோம். ஏன் வழுகியது என்பதை மட்டும் நீங்களாகக் கட்டிச் சொல்லாதீர்கள்.

நிறத்தையும் உடலையும் மார்க்கத்தையும் தொடும் பகிடிக்கு எந்தச் சாட்டும் கிடையாது. 2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் இங்கிலாந்தின் கறுப்பின வீரர்கள் ரஷ்போர்ட், சன்சோ, சாக்கா மூவரும் பெனால்டியைத் தவறவிட, ஐரோப்பியக் கிண்ணம் இத்தாலிக்குப் போனது. சாக்காவுக்கு அப்போது 19 வயது. அந்த இரவு அவர்கள் மூவர் மேலும் கொட்டப்பட்ட இனவெறி வசைகள் உலகத்துக்கே தெரியும். நம் ஊரிலும் "கறுவல்" என்று சிரிப்போடு தொடங்கும் பகிடி அதே சாக்கடையில்தான் போய் விழுகிறது. நோன்பு மாதத்தில் ஒரு முஸ்லிம் வீரர் சரியாக ஆடாவிட்டால் "நோன்பு பிடிச்சுக் களைச்சுப் போனான்" என்று அடித்துவிடும் பழக்கமும் இருக்கிறது. 2021 ஏப்ரலில் லெஸ்டர் அணியின் வெஸ்லி ஃபொஃபானா நோன்பு திறப்பதற்காக கிரிஸ்டல் பலஸ் கோல் காப்பாளர் கோல் கிக்கைத் தாமதித்து ஆட்டத்தை நிறுத்திவைத்தார். எதிரணி காட்டிய அந்த மரியாதை, அக்கரைப்பற்றிலோ ஏறாவூரிலோ நோன்பு திறந்துவிட்டு வானொலியைத் திருகும் நேயருக்கு நம்மிடமிருந்தும் கிடைக்க வேண்டாமா?

ஒலிவாங்கி அணைந்துவிட்டது என்று நம்பிப் பேசுவது தொழிலையே முடித்துவிடும். 2004 ஏப்ரலில் இங்கிலாந்தின் தொலைக்காட்சி வர்ணனையாளர் ரொன் அட்கின்சன் ஒலிபரப்பு முடிந்ததாக நினைத்து கறுப்பின வீரர் மார்செல் டெசாய்லியைப் பற்றி இனவெறி வார்த்தை ஒன்றைச் சொன்னார். மத்திய கிழக்கில் ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. பதவி விலகினார். 1970களின் இறுதியில் வெஸ்ட் புரொம்விச் அணியில் மூன்று கறுப்பின வீரர்களை ஒன்றாக ஆடவிட்டுப் பெயர் எடுத்த முகாமையாளர் அவர். அந்தப் பெயரும் காப்பாற்றவில்லை. 2011 ஜனவரியில் இங்கிலாந்தின் தொலைக்காட்சி அறிவிப்பாளர்கள் ரிச்சர்ட் கீஸும் அண்டி கிரேயும் பெண்களுக்கு ஓஃப்சைட் விதி விளங்காது என்று உதவி மத்தியஸ்தர் சியன் மஸியைப் பற்றி ஒலிபரப்புக்கு வெளியே பேசிய பதிவு வெளியானது. கிரே நீக்கப்பட்டார், கீஸ் விலகினார். அந்த மெச்சில் மஸி கோலை அனுமதித்துக் கொடுத்த தீர்ப்பு சரியானது. பாட்டுப் போகும் நேரத்திலும் ஒலிவாங்கி திறந்திருக்கிறது என்றே எண்ணிக்கொண்டு பேசுங்கள்.

கோடீஸ்வர வீரர்களுக்கான அளவுகோலை உள்ளூருக்குக் கொண்டுவருவது நம் மாவட்டங்களுக்கே உரிய பிழை. மட்டக்களப்பு வெபர் மைதானத்திலோ கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலோ பெனால்டியைத் தவறவிட்ட பையன் மறுநாள் காலை வயலுக்கோ கடலுக்கோ கடைக்கோ போகவேண்டியவன். அவன் தாய் வீட்டில் உங்கள் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இங்கே கழகம் என்றால் ஊர். ஊர் என்றால் பல இடங்களில் சமூகமும்கூட. "அந்த ஊர்க்காரனுகள் எப்பவும் இப்படித்தான்" என்ற ஒரே வரி, மைதானத்தில் முடியவேண்டிய சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவரும். இந்தக் கரையில் அப்படியான சண்டைகளின் விலை என்ன என்பதை வயதானவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. உள்ளூர் மெச்சென்றால் ஆட்டத்தை விவரியுங்கள், நன்றாக ஆடியவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். நக்கலை ஏற்பாட்டாளர் பக்கம் திருப்பலாம்: கோலுக்கு வலை கட்டாதது, அறிவித்த நேரத்துக்கு மெச் தொடங்காதது.

தேசிய அணியைப் பற்றிப் பேசும்போதும் இதே பிழை. உலகத் தரவரிசையில் இலங்கை 200ஐ அண்டிக் கிடந்த காலத்தை வைத்து வீரர்களைச் சிரிக்கிறார்கள். 2023 ஜனவரியில் மூன்றாந்தரப்புத் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை நீடித்த அந்தத் தடையால் தெற்காசியக் கிண்ணத்திலும் ஆட முடியாமல் போனது. 1995இல் அதே கிண்ணத்தைக் கொழும்பில் இந்தியாவைத் தோற்கடித்து வென்ற நாடு இது. நக்கலடிக்க நிர்வாகம் இருக்கும்போது சுஜான் பெரேரா போன்ற கோல் காப்பாளரின் மேல் ஏன் பாயவேண்டும்?

நேயர் அழைப்புகளுக்கு முன்கூட்டியே ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பவரின் பெயரையும் அணியையும் வெளியே கேட்டுவிட்டு உள்ளே எடுங்கள். ஒருவர் பேசும்போது மற்ற அறிவிப்பாளரின் கை துண்டிக்கும் பொத்தானில் இருக்கட்டும். தூசணம் வந்தால் சிரிக்காமல் துண்டித்துவிட்டு ஒரு வரியில் மன்னிப்புச் சொல்லி அடுத்த அழைப்புக்குப் போங்கள். நீங்கள் சொன்ன தகவல் பிழை என்று யாராவது காட்டினால், அடுத்த வாரம் முதல் பாட்டுக்கு முன்னரே திருத்திச் சொல்லுங்கள். சுட்டிக்காட்டியவர் எந்த அணி ரசிகர் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டால், அந்த வாரத்துப் பகிடியை அங்கிருந்தே தொடங்கலாம்.