விசுவாசத்தைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம்முடைய கிறிஸ்தவ விசுவாசத்தைப் பிறரோடு பகிரும்போது நாம் செய்யும் பெரிய தவறு, எதிரில் இருப்பவர் பேசி முடிக்குமுன்பே நாம் பேசத் தொடங்கிவிடுவதுதான். வேதாகமத்தின் அப்போஸ்தலர் நூலின் 8ஆம் அதிகாரத்தில், எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தருகே ஓடிச்சென்ற பிலிப்பு என்ற சுவிசேஷகர், வாசிப்பது விளங்குகிறதா என்று முதலில் கேட்டார்; பிறகு அந்த மந்திரி வாசித்துக்கொண்டிருந்த ஏசாயா தீர்க்கதரிசியின் நூலின் அதே பகுதியிலிருந்துதான் இயேசுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். தாயை இழந்து சில நாட்களே ஆகியிருந்த சக ஊழியர் ஒருவர், சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூட எடுக்காமல், "அம்மா இப்போது எங்கே இருப்பார்கள்?" என்று கேட்டார். நான் உடனே உயிர்த்தெழுதலைப் பற்றிய வசனங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். அவர் "சரிங்க" என்று சொல்லி, டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துபோனார். இறந்துபோன தம் நண்பர் லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார் என்பது அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

'இரட்சிக்கப்பட்டேன்', 'அபிஷேகம் பெற்றேன்' போன்ற சபைக்குள் புழங்கும் சொற்களை விளக்கமின்றிப் பேசுவதும் கேட்பவரைத் தள்ளி நிறுத்திவிடும். யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில் இயேசுவால் பார்வை பெற்றவர், தான் குருடனாயிருந்ததையும் இப்போது காண்பதையும் எளிமையாகச் சொன்னார். அவரை விசாரித்த பரிசேயர் என்ற யூத மதப்பிரிவினரால் அதை மறுக்க முடியவில்லை.

பிறருடைய வழிபாட்டை இகழ்ந்து பேசுவதை அறவே விட்டுவிட வேண்டும். கிரேக்க நாட்டின் அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணம் விக்கிரகங்களால் நிறைந்திருந்ததைக் கண்டு அப்போஸ்தலனாகிய பவுல் மனம் வைராக்கியமடைந்தாலும், அங்கிருந்த 'அறியப்படாத தேவனுக்கு' என்ற பலிபீடத்தைச் சுட்டியே பேச்சைத் தொடங்கினார். அவர்களுடைய புலவர்களின் வரியையும் எடுத்துக்காட்டினார்.

நோயாளியின் படுக்கையருகே நின்று, விசுவாசித்தால் நிச்சயம் குணமாகும் என்று வாக்குக் கொடுப்பதை நான் மிகக் கொடிய தவறாகவே கருதுகிறேன். தன் மாம்சத்தில் முள்ளாக இருந்த வேதனை நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்ட பவுலுக்கே அது நீங்கவில்லை. தேவனுடைய கிருபை போதும் என்ற பதிலே கிடைத்தது. அதுபோலவே, செய்த உதவிக்கு ஈடாக ஜெபக்கூட்டத்துக்கு வரும்படி எதிர்பார்த்தால், அந்த உதவி அன்பாக இராமல் கடனாகிவிடுகிறது.

உடனே முடிவெடுக்கும்படி நெருக்குவதும் வேண்டாம். அத்தேனேயில் சிலர் பரியாசம் பண்ணினார்கள், சிலர் இன்னொரு வேளை கேட்போம் என்றார்கள்; பவுல் அவர்களைத் தொடர்ந்து வற்புறுத்தாமல் அவ்விடம் விட்டுப் புறப்பட்டார்.