தரைவழி போன் பில்லைக் குறைப்பது எப்படி: பழைய நம்பரும் பழைய போனும் அப்படியே இருக்க

கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருக்கும் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) செல்போன் ஒத்துவராது. பட்டன் சின்னது, சத்தம் கேட்காது, சார்ஜ் போட மறந்துவிடும். மேசை மேல் இருக்கும் பழைய போன்தான் அவருக்கு வசதி. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அந்த 04285 நம்பர் மனப்பாடம். ஆகவே போனும் நம்பரும் மாறாமல் செலவை மட்டும் குறைக்க வேண்டியிருந்தது. அதை எப்படிச் செய்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். திருப்பூர், ஈரோடு பக்கம் சின்ன கம்பெனி வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

முதலில் பில்லைப் பிரியுங்கள்

கடைசி இரண்டு மூன்று பில்களை எடுத்துக்கொண்டு மூன்று தொகைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: மாத வாடகை, இந்தியாவுக்குள் பேசியது, வெளிநாட்டுக்குப் பேசியது. எதில் காசு போகிறது என்று தெரியாமல் கம்பெனியை மாற்றுவதில் பயனில்லை. பல வீடுகளில் பேச்சை விட வாடகைதான் பெரிதாக இருக்கும். பையனோ பெண்ணோ வெளிநாட்டில் இருந்தால் ஐஎஸ்டிதான் பில்லைத் தூக்கும். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

இந்தியாவுக்குள் பேச: ஃபைபருக்கு மாறுங்கள்

முன்பு ஒரு கம்பெனி லைனிலிருந்து இன்னொரு கம்பெனி லைனுக்குப் பேசினால், அழைப்பை அனுப்பும் கம்பெனி அதை வாங்கிக்கொள்ளும் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இத்தனை பைசா என்று கட்ட வேண்டும். தரைவழி போன் சம்பந்தப்பட்ட அழைப்புகளுக்கு இந்தக் கட்டணத்தை 2015 மார்ச் முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் நீக்கிவிட்டது. செல்லிலிருந்து செல்லுக்குப் போகும் அழைப்புக்கும் 2021 ஜனவரியில் நீங்கியது. அதனால்தான் இப்போது ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) இணைப்பு எடுத்தால் இந்தியா முழுக்க வரம்பில்லாமல் பேசிக்கொள்ளலாம் என்று கூடவே தருகிறார்கள். செப்புக் கம்பி லைனுக்கு வாடகையும், இன்டர்நெட்டுக்குத் தனிக் காசும் கட்டுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கினாலே பெரிய மிச்சம்.

ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றிலும் போன் வசதி உண்டு. ஆனால் ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். செல்போன் நம்பரைக் கம்பெனி விட்டுக் கம்பெனி கொண்டுபோவது போல தரைவழி நம்பரைக் கொண்டுபோக நம் நாட்டில் வழியில்லை. பிஎஸ்என்எல் நம்பர் வைத்திருப்பவர் தனியாருக்குப் போனால் புது நம்பர்தான் கிடைக்கும். பிஎஸ்என்எல்லிலேயே செப்பிலிருந்து ஃபைபருக்கு மாறினால் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் எக்ஸ்சேஞ்சில் அது நடக்குமா என்று விண்ணப்பம் கொடுக்கும் முன்பே நேரில் கேட்டுவிடுங்கள். கடைப் பலகை, பில் புக், விசிட்டிங் கார்டு என்று நம்பர் அச்சேறியிருந்தால் மாதம் கொஞ்சம் கூட ஆனாலும் நம்பரை விடாதீர்கள். நம்பர் முக்கியமில்லை என்றால் உங்கள் தெருவில் யாருடைய கேபிள் ஒழுங்காக வேலை செய்கிறதோ அவர்களிடம் எடுங்கள். விளம்பரத்தை விடப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

வயரிங்: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஃபைபர் போடுகிறவர் ஒரு பெட்டி வைப்பார். ஓஎன்டி என்பார்கள். அதன் பின்னால் இன்டர்நெட் கேபிள் மாட்டும் ஓட்டைகளோடு, அவற்றை விடச் சின்னதாக போன் ஓட்டை ஒன்று இருக்கும். முதலில் பழைய போனை நேராக அதில் மாட்டி டயல் டோன் வருகிறதா, ஒரு செல்லுக்குப் பேச முடிகிறதா என்று பாருங்கள். அது சரியானால்தான் அடுத்த வேலை.

எங்கள் சாளையில் போன் அடித்தது, எடுத்தால் பேச்சும் தெளிவு. நம்பர் அழுத்தினால் மட்டும் டயல் டோன் நிற்கவே இல்லை. "நா போட்டாப் போவ மாட்டீங்குது கண்ணு" என்று அப்புச்சி திரும்பத் திரும்பச் சொன்னார். லைனில் குறையில்லை. போனைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பி, டி என்று இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு சின்ன ஸ்விட்ச். அது பி பக்கம், அதாவது பல்ஸில், இருந்தது. பழைய எக்ஸ்சேஞ்சுகள் பல்ஸைப் புரிந்துகொள்ளும். இந்தப் பெட்டிகளில் பல, டோனை மட்டும்தான் புரிந்துகொள்ளும். பேனா முனையால் ஸ்விட்சை டி பக்கம் தள்ளியதும் அழைப்பு போனது. விரல் விட்டுச் சுற்றும் பழைய போனில் இந்த ஸ்விட்சே கிடையாது. அதை வரும் அழைப்புக்கு வைத்துக்கொண்டு, பேசுவதற்கு வேறு பட்டன் போன் வாங்குவது நல்லது.

அடுத்து, வீட்டுக்குள் ஏற்கெனவே ஓடும் போன் வயரைப் பயன்படுத்துவது. திண்ணையில் ஒன்று, உள்ளே ஒன்று என்று பேரலல் போன் இருக்கும் வீடுகளுக்கு இது தேவைப்படும். ஓஎன்டியிலிருந்து ஒரு வயரைச் சுவரில் உள்ள போன் சாக்கெட்டில் மாட்டினால் எல்லா போனும் வேலை செய்யும். ஆனால் அதற்கு முன் கம்பத்திலிருந்து வரும் பழைய வயரைக் கட்டாயம் பிரித்துவிட வேண்டும். பழைய லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் அளவு டிசி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். ஓஎன்டியின் போன் ஓட்டையும் தன் பங்குக்கு மின்சாரம் தரும். இரண்டும் மோதினால் அந்த ஓட்டை கெட்டுவிடலாம். லைன் துண்டித்தாகிவிட்டது என்று ஆபீஸில் சொன்னாலும் நம்பி மாட்டாதீர்கள், கம்பியில் மின்சாரம் இருக்கலாம்.

வெளி வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் லைன்மேன் வைத்த சின்ன டப்பா இருக்கும். மூடியைத் திறந்தால் இரண்டு திருகில் இரண்டு கம்பி. வெளியிலிருந்து வரும் இரண்டையும் கழற்றி, தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். இந்த வேலையின்போது மணி அடித்தால் கம்பியைத் தொடாதீர்கள். மணிக்கான மின்சாரம் 48 வோல்ட்டை விட அதிகம், கையில் சுள்ளென்று அடிக்கும். பிறகு மல்டிமீட்டரை டிசியில் வைத்து, வீட்டு வயரில் எதுவும் காட்டவில்லை என்று உறுதி செய்த பின்பே ஓஎன்டியோடு இணையுங்கள். மல்டிமீட்டர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், விலை குறைந்ததே போதும்.

இரண்டு மூன்று போன் மாட்டினால் மணிச் சத்தம் குறையலாம். ஓஎன்டிக்கு எக்ஸ்சேஞ்ச் அளவு சக்தி கிடையாது. நிஜ மணி வைத்த பழைய போன் ஒன்றைக் கழற்றினால் சரியாகிவிடும். வீட்டிலிருந்து மோட்டார் ரூம் வரை மேலே வயர் இழுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், இடி இறங்கினால் பெட்டியும் போகும். அதற்கு கார்ட்லெஸ் போன் வாங்குங்கள். நான் பரிந்துரைப்பது பானாசோனிக். பட்டன் பெரிதாக, பேட்டரி மாற்றக்கூடியதாகப் பார்த்து எடுங்கள்.

கரண்ட் போனால்?

செப்புக் கம்பி லைன் கரண்ட் இல்லாமலும் வேலை செய்தது. ஃபைபர் செய்யாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளில் வயசானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் போன் ஊமையாகக் கூடாது. ஓஎன்டி அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியரைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். அதே வோல்ட்டும், அதற்குக் குறையாத ஆம்பியரும் தரும் மினி யுபிஎஸ் வாங்கி நடுவில் மாட்டுங்கள். கூடவே உங்கள் ஊர் கேபிள்காரரிடம் அவர் பக்கத்தில் பேக்கப் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே கரண்ட் போனால் உங்கள் யுபிஎஸ்ஸால் பலனில்லை.

டயல் செய்யும் முறை

2021 ஜனவரி 15 முதல் தரைவழி போனிலிருந்து எந்த செல்லுக்கும் முன்னால் 0 சேர்க்க வேண்டும். ஸ்பீட் டயலில் பழைய நம்பர்கள் இருந்தால் மாற்றுங்கள். உள்ளூர் தரைவழி நம்பருக்கும் 0422, 0421, 0424 என்று எஸ்டிடி கோடோடு அழுத்திப் பழகுவது நல்லது. கம்பெனி மாறினாலும் பழக்கம் மாறாது.

வெளிநாட்டுக்குப் பேச

ஃபைபரில் கிடைக்கும் இலவசப் பேச்சு இந்தியாவுக்குள் மட்டும்தான். ஐஎஸ்டிக்குத் தனிக் கட்டணம். வெளிநாடு சிலவற்றில், டயல் செய்யும்போதே வேறு கம்பெனியின் கோடை முன்னால் சேர்த்து மலிவாகப் பேசும் முறை இருந்தது. ஜெர்மனியில் 1998-ல் சந்தை திறந்தபோது 010 என்று தொடங்கும் கோடுகள் வந்தன. டாய்ச்ச டெலிகாம் லைன் வைத்திருந்தவர் அந்தக் கோடை அழுத்திப் பேசினால் அந்த அழைப்பு மட்டும் வேறு கம்பெனி கணக்கில் போனது. கட்டணம் அடிக்கடி மாறியதால், பேச்சு தொடங்கும் முன் நிமிடத்துக்கு எவ்வளவு என்று அறிவிக்க வேண்டும் என 2012-ல் சட்டமே போட்டார்கள். நம் நாட்டில் 2002-ல் ட்ராய் இது போல ஒன்றைக் கொண்டுவர முனைந்தது, நடைமுறைக்கு வரவில்லை. எனவே நமக்கு வழி இன்டர்நெட் மூலம்தான்.

எதிரில் இருப்பவரிடம் ஸ்மார்ட்போன் இருந்தால் வாட்ஸ்அப் போதும். துபாய், அபுதாபியில் வாட்ஸ்அப் கால் போகாது, அங்கே அனுமதி பெற்ற போட்டிம் ஆப் பயன்படுத்துகிறார்கள். வெளிநாட்டுத் தரைவழி போனுக்கோ ஆபீஸ் நம்பருக்கோ பேச வேண்டும் என்றால் வைபர் அவுட் மாதிரி காசு கட்டிப் பேசும் ஆப். ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது, பழைய கட்டுரைகளைப் பார்த்து அதைத் தேடாதீர்கள். காசு கட்டும் முன் மூன்றைப் பாருங்கள்: செல்லுக்கும் தரைவழிக்கும் கட்டணம் வேறா (ஐரோப்பாவில் வித்தியாசம் அதிகம்), அழைப்பு இணைந்ததும் தனிக் கட்டணம் உண்டா, கட்டிய காசு காலாவதி ஆகுமா. குறைந்த தொகை போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.

எந்த வழியானாலும், பெரும்பாலான நாடுகளுக்கு, நாட்டுக் கோடுக்குப் பின் ஊர்க் கோடின் முன் சைபரை எடுத்துவிட வேண்டும். பிராங்க்பர்ட் 069 என்றால், தரைவழியில் 00 49 69, ஆப்பில் +49 69. அழைப்பு போகவில்லை என்றால் முதலில் இந்த சைபரைப் பாருங்கள்.

இதே வெளிநாட்டு ஆப்களால் இந்திய நம்பர்களுக்கு மலிவாகப் பேசலாம், சிம் பெட்டி (வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பு போலக் காட்டும் பெட்டி) வைத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் தொடவே வேண்டாம். அது சட்டவிரோதம், போலீஸ் கேஸ் ஆகும்.

பின்சேர்க்கை

திருப்பூர் வாசகர் ஒருவர், ஓஎன்டியிலிருந்து கம்பெனி இபிஏபிஎக்ஸுக்கு (ஆபீஸுக்குள் பல போன்களுக்கு லைனைப் பிரித்துத் தரும் பெட்டிக்கு) லைன் கொடுத்த பின், எதிர்ப்பக்கம் போனை வைத்தாலும் லைன் பிஸியாகவே நிற்கிறது என்று எழுதியிருந்தார். ஓஎன்டி தரும் பிஸி டோனை இபிஏபிஎக்ஸ் அடையாளம் காணாததுதான் காரணம். இபிஏபிஎக்ஸ் மெக்கானிக்கிடம் பிஸி டோன் டிடெக்‌ஷனை இந்த லைனுக்கு ஏற்ப அமைக்கச் சொல்லுங்கள். ஃபேக்ஸ் இன்னும் வைத்திருப்பவர்கள் ஃபைபருக்கு மாறிய அன்றே ஒரு பக்கம் அனுப்பியும் வாங்கியும் பார்த்துவிடுங்கள். பாதியில் அறுந்தால் ஃபேக்ஸ் வேகத்தை 9600-க்குக் குறைத்துப் பாருங்கள்.