லகோரி ஆடக் கற்றுக்கொள்வோம்: முதல்முறை ஆடும் பிள்ளைகளுக்கு

ஏழு கல், ஒரு பந்து, குறைந்தது ஆறு பேர். லகோரிக்கு இது போதும். அடுக்கிய கல்லை ஓர் அணி பந்தால் தட்டிவிட்டு, எதிரணியின் பந்தடியில் சிக்காமல் திரும்ப அடுக்க வேண்டும், அதுதான் ஆட்டம். பெங்களூரு அல்சூரில் நான் படித்த தொடக்கப் பள்ளியில் தமிழ், கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் எல்லோரும் இடைவேளையில் சேர்ந்து ஆடியது இதைத்தான். இப்போது எங்கள் அபார்ட்மெண்ட் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அவர்களுக்குச் சொல்லும் அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கல்

அவசரப்படாதீர்கள், பாதி ஆட்டம் இதில்தான் இருக்கிறது. கல் தட்டையாக இருக்க வேண்டும். கருங்கல் ஜல்லி மூலை மூலையாக உடைவதால் ஒன்றன்மேல் ஒன்று நிற்காது. கடப்பாக் கல் அடுக்கடுக்காகப் பிரியும் வகை, உடைந்த துண்டும் தட்டையாகவே வரும். வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரியிடம் கேட்டால் தருவார். உடைந்த மங்களூர் ஓடும் நல்லது. விளிம்பைச் சொரசொரப்பான தரையில் தேய்த்தால் மழுங்கிவிடும். வழவழ டைல்ஸ் துண்டு மட்டும் வேண்டாம். வழுக்கும், கையையும் வெட்டும்.

அடிக்கல் உள்ளங்கை அகலம், உச்சிக்கல் மூன்று விரல் அகலம். நடுவில் உள்ளவை படிப்படியாகச் சிறுக்கட்டும்.

பந்துக்குப் பழைய டென்னிஸ் பந்து. கார்க் பந்து கூடவே கூடாது.

உத்தி பிரிப்பது (அணி பிரிப்பது)

தலைவர் இருவர் நின்றுகொண்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்தால், கடைசியில் நிற்கும் பிள்ளையின் முகம் வாடிவிடும். அதனால் பழைய முறையே சரி. ஏறக்குறைய ஒரே திறமையுள்ள இருவர் ஜோடி சேர்ந்து தள்ளிப்போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். “மாம்பழம் வேணுமா, கொய்யா வேணுமா?” என்று கேட்க, தலைவர்களில் ஒருவர் ஒன்றைச் சொல்வார். அந்தப் பெயருக்கு உரியவர் அவர் பக்கம், மற்றவர் எதிர்ப்பக்கம். யாரும் வேண்டாதவர் ஆவதில்லை, இரண்டு அணியும் சமமாக அமையும்.

எறிவது

சாக்பீஸால் வட்டம் போட்டு அதற்குள் கற்களை அடுக்குங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்தடியில் கோடு, பெரியவர்களுக்குப் பதினைந்தடி. ஆளுக்கு மூன்று எறி. பந்து அடுக்கில் படாமல் ஒரு குத்துக் குத்தி எழும்பும்போது எதிரணி பிடித்துவிட்டால் எறிந்தவர் அவுட்.

புதிதாக ஆடுபவர்கள் அடியைக் குறிவைத்து வேகமாக எறிவார்கள். ஏழும் சிதறும், பார்க்க அழகுதான். ஆனால் திரும்ப அடுக்க வேண்டியது உங்கள் அணி. மேலே இருக்கும் இரண்டு மூன்று கற்களைத் தட்டினாலே போதும்.

அடுக்குவது

கல் விழுந்ததும் எதிரணி பந்தை எடுத்து உங்களை அடிக்கப் பார்க்கும். இடுப்புக்குக் கீழேதான் அடிக்கலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, கூட்டாளிக்கு வீச வேண்டும். அந்த அணியில் ஒருவர் அடுக்குக்குப் பின்னாலேயே நிற்கட்டும், எறியும் பந்து அங்கேதான் போகும்.

எறியத் தெரியாத, ஓடவும் முடியாத பிள்ளைக்கு இங்கே பெரிய வேலை உண்டு. எங்கள் வகுப்பில் மெதுவாக ஓடும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் கை கல்லில் பட்டால் அடுக்கு ஆடாது. “நீ அடுக்கு, நாங்க பாத்துக்கறோம்” என்று மற்றவர்கள் பந்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, பந்து வரும் திசையில் கண்ணை வைத்தபடியே ஒரு கையால் ஏழையும் அடுக்கப் பழக்குங்கள். எறிவதைவிட இதற்கே நான் அதிக நேரம் ஒதுக்குகிறேன்.

உச்சிக்கல் உட்கார்ந்ததும் “லகோரி!” என்று கத்தினால் ஒரு புள்ளி.

ஒருவர்மேல் பந்து பட்டால் அவர் மட்டும் அவுட்டா, அணியே அவுட்டா? இரண்டு விதமாகவும் ஆடுகிறார்கள். மணி அடிக்கப் பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்றால் அணியே அவுட் என்று வையுங்கள், இரு பக்கத்துக்கும் எறிய வாய்ப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் ஒருவர் மட்டும்.

மழை பெய்த மறுநாள் ஆடுவதானால் பந்தை முந்தின நாளே வீட்டுக்குள் எடுத்துவைத்துவிடுங்கள். நனைந்த டென்னிஸ் பந்து கனத்துப்போகும், பட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு நன்றாகவே வலிக்கும்.