கூடு சேம்பரில் இறுக்குகிறதா? டையைக் கவனியுங்கள்

சுட்ட .308 வின்செஸ்டர் தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்புவதற்காக டையில் (கூட்டை நசுக்கி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) அழுத்தி எடுத்த பிறகும், சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை) வைத்ததும் போல்ட் (அந்த அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டு) மூட மறுத்தால், பெரும்பாலும் டை போதுமான அளவு இறங்கவில்லை. உடல் நசுங்கும்போது பித்தளை மேலேறி, தோள் (கழுத்துக்குக் கீழே கூடு சரியும் பகுதி) முன்பைவிட உயர்ந்துவிடும். காலி பிரஸ்ஸில் (கூட்டை டைக்குள் தள்ளும் கருவி) டை ஷெல் ஹோல்டரைத் (கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் துண்டு) தொட்டாலும், கூடு உள்ளே போனதும் பிரஸ் சற்று விரிந்து இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும்.

டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, கம்பாரேட்டரில் (அடியிலிருந்து தோள் வரை அளக்கும் கருவி) அளந்துகொண்டே வாருங்கள். சுட்டபோது இருந்ததைவிடத் தோள் 0.002 அங்குலம் தாழ்ந்தால் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிக்குப் போதும். (அளக்கும் முன் கூட்டின் அடியில் இருக்கும் பழைய பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் மூடியை, கழற்றிவிடுங்கள், புடைத்திருந்தால் கணக்கு தப்பும்.) தோளை அளவுக்கு மீறிக் கீழே தள்ளிச் சுட்டால் அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து பளபளவென வளையம் விழும். அந்தக் கூடு குப்பைக்குத்தான்.

கூட்டில் பூசும் மசகு தோளில் தேங்கினால் பள்ளம் விழும்; உடலில் போதாவிட்டால் டையிலேயே சிக்கிக்கொள்ளும். கூட்டின் நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் 2.005-க்கு வெட்டுங்கள்.